மிச்சம் பிடித்த வகையில் செலவு

உ

டார்ட்மண்ட், ஜெர்மனி
28-12-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலம், அத்தை நலம், உங்கள் மகள் நலம் எல்லாம் தினம் ரெண்டு வேளை வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் காகிதத்தில் எழுதும்போது ‘நலமறிய ஆவல்’ என்று போடாவிட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. எனவே, நலமறிய ஆவல்.

தீபாவளிக்குப் போனில் பேசியபோது நீங்கள் பலகாரம் பற்றிக் கேட்கவில்லை, குளிரைப் பற்றிக் கேட்கவில்லை. “மாப்ளே, போயி ஒரு வருஷம் முடிஞ்சிருச்சே, ஐந்தொகை போட்டாச்சா?” என்றீர்கள். போட்டாச்சு மாமா என்று சொல்லி, செல்போனில் வரவு செலவு எழுதுகிற ஆப் ஒன்று வரைந்து தந்த வட்டப்படத்தை அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து உங்கள் பதில் வந்தது: “அப்பளம் நல்லா இருக்கு. கணக்கை எழுதி அனுப்புங்க.”

அதற்குத்தான் இந்தக் கடிதம். விருதுநகரில் பருப்பு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கெழுதியவருக்குக் கணக்கு அனுப்புவது என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுதான். பள்ளிக்கூட லீவில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிட்டாவிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவதை வேடிக்கை பார்த்தவன் நான். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வகை உண்டு, வகை இல்லாத செலவு வீட்டுக்குள் வந்த பாம்பு மாதிரி என்பீர்கள். இந்த வருஷம் என் பேரேட்டில் நீங்களே கேள்விப்படாத ஒரு வகையைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

முதலில் வரவு. இங்கே சம்பளத்துக்கு ரெண்டு பெயர். ‘ப்ரூட்டோ’ என்று ஒன்று, ‘நெட்டோ’ என்று ஒன்று. ப்ரூட்டோ என்பது பெண் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ள. நெட்டோ என்பது வாடகை கட்ட. நான் உங்களிடம் சொன்னது எது என்று உங்களுக்கே தெரியும். மாதம் 4,200 யூரோ, அன்றைய விலைக்குத் தொண்ணூறால் பெருக்கினால் 3,78,000 ரூபாய். அத்தை இதைத் தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டார்கள். கைக்கு வந்தது 2,700 சொச்சம். மூட்டை லாரியிலிருந்து இறங்குவதற்குள் சாம்பிள், சிந்தல், கமிஷன், கூலி, மகமை என்று கழிந்துபோகிற மாதிரிதான் இதுவும். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3 சதவீதமும் அதற்கு மேலே ஒரு துண்டும், வேலை போனால் சோறு போடுவதற்கு 1.3 சதவீதம், பிறகு வருமான வரி. இதில் முக்கால்வாசிக்கு முதலாளியும் தன் பங்குக்கு அதே அளவு கட்டுகிறார் என்று சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். பல்லைப் பிடுங்கும்போது டாக்டரும் கூடவே வாயைத் திறந்துகொள்கிற மாதிரி இருந்தது.

மகமை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் உறவின்முறைக்குக் கட்டுகிற மாதிரி இந்த ஊரிலும் மகமை உண்டு மாமா. ஊர் மாறினால் இங்கே நகராட்சி அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே இருந்த அம்மா ‘மதம்?’ என்று கேட்டார். எதற்கு என்று யோசித்தபடியே இந்து என்றேன். ஒரு கோடு இழுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அங்கே கத்தோலிக்கர் என்றோ ப்ராட்டஸ்டண்ட் என்றோ சொல்லியிருந்தால், கட்டுகிற வருமான வரியில் 9 சதவீதம் தேவாலயத்துக்கென்று சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் கோர்ட்டுக்குப் போய் 30 யூரோ கட்டி மதத்திலிருந்து ‘ராஜினாமா’ செய்ய வேண்டுமாம். என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் செய்திருக்கிறார். மகமைக்குப் பணம் தராதவனை உறவின்முறையில் என்ன செய்வார்கள் என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்து, ஜெர்மன் போதாமல் பாதியில் விட்டுவிட்டேன்.

இனி செலவு. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அந்த வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வாடகையும் இங்கே ரெண்டு. ‘கால்ட்மீட்டே’ என்றால் குளிர் வாடகை, ‘வார்ம்மீட்டே’ என்றால் சூட்டு வாடகை. சுவருக்கும் கூரைக்கும் மட்டும் கொடுப்பது குளிர் வாடகை, 480 யூரோ. தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு, ஹீட்டர் எல்லாம் சேர்த்தால் சூட்டு வாடகை, 650. குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று சட்டம். அந்த மூன்றையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்பதும் சட்டம். இந்த ரெண்டாவது சட்டம் தெரியாமல் 1,440 யூரோவை ஒரே மூச்சில் கட்டினேன். நீங்கள் கொடுத்து அனுப்பிய மூன்று லட்சத்தில் பெரிய பங்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வருகிற பணம் என்பதால் இதைச் செலவில் எழுதவில்லை.

எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் ஒரு இளைஞர். வீடு பார்க்கப் போனபோது, “சமையலறையை 900 யூரோவுக்கு எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். சமையலறையை எப்படி எடுத்துக்கொள்வது? அது வீட்டில்தானே இருக்கிறது? அதற்குள் என் மண்டையில் பெருக்கல் ஓடிவிட்டது. 81,000 ரூபாய்! நாலு அலமாரி, ஒரு அடுப்பு, ஒரு தொட்டி. அந்தத் தொகைக்கு நம் ஊரில் மூன்று வீட்டுக்குச் சமையலறை போட்டுவிடலாம். “நைன்” என்றேன். ஜெர்மனில் நான் தன்னம்பிக்கையோடு சொன்ன முதல் சொல் அதுதான். அவர் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் வியாபாரத் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன். அது இரக்கம்.

நவம்பர் முதல் தேதி சாவி கைக்கு வந்தது. கதவைத் திறந்தேன். இந்த நாட்டில் வீடு காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் சமையலறையையும் கூடவே கழற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அலமாரி இல்லை, அடுப்பு இல்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டி இல்லை. தொட்டி இருந்த இடத்தில் ஒரு குழாய் மட்டும், தும்பிக்கை இழந்த பிள்ளையார் மாதிரி, சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது. விளக்கைப் போடலாம் என்று சுவிட்சைத் தட்டினால், பல்பையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். கூரையிலிருந்து ரெண்டு ஒயர் தொங்கியது. நவம்பரில் இங்கே சாயங்காலம் அஞ்சரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியிலிருந்து அத்தை கொடுத்த பருப்புப் பொடியை எடுத்தபோது எனக்கே என் மேல் பாவமாக இருந்தது.

பிறகு மூன்று வாரம் ஹாலில் தரையில் குக்கரை வைத்துச் சோறு, குளியலறையில் பாத்திரம் கழுவல். முகம் கழுவுகிற தொட்டிக்குள் கரண்டி நுழையும், குக்கர் நுழையாது. குக்கருக்கு என்னோடு சேர்த்து ஷவரில் குளியல். வெறுத்துப்போய் வெளியே சாப்பிட்ட வகையில் 210 யூரோ. கடைசியில் அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் வாங்கி, அடுப்புக்கு மின் இணைப்பு கொடுக்க ஆள் கூப்பிட்டு, அவர் வேலைக்குத் தனிக் கூலி, அவர் வண்டி வந்து போனதற்குத் தனிக் கூலி என்று மொத்தம் 1,450 யூரோ. 900-க்கு வேண்டாம் என்றது 1,450-க்கு வந்தது. நடுவில் உள்ள 550-ஐ எந்த வகையில் எழுதுவது? வீட்டுச் சாமான் என்று எழுத மனசு வரவில்லை. அப்போதுதான் புது வகை திறந்தேன், ‘மிச்சம் பிடித்த வகையில் செலவு’ என்று. அந்த 210-ஐயும் அதிலேயே போட்டேன்.

அந்தப் பக்கத்தில் அடுத்து ஏறியது ஹீட்டர்.

ஹீட்டர் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஓரத்தில் ஒரு திருகு. அதில் 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கிறது. ஒன்றிலிருந்து அஞ்சு வரை எண் போட்ட திருகைப் பார்த்தால் விருதுநகர்க்காரனுக்கு என்ன தோன்றும்? ஃபேன் ரெகுலேட்டர். சீக்கிரம் சூடாகட்டும் என்று அஞ்சில் வைத்தேன். உண்மையில் அது வேகம் இல்லையாம், சூட்டின் அளவாம். மூன்றில் வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரியில் நின்றுவிடும். அஞ்சில் வைத்தால் நம் ஊர் மார்கழிப் பகல் வருகிற வரைக்கும் அது ஓயாது. எனக்கு வேர்த்தது. வேர்த்ததும் ஜன்னலைத் திறந்தேன். இந்த ஊர் ஜன்னல் ரெண்டு விதமாகத் திறக்கும். மேல் பக்கம் மட்டும் நாலு விரல் சாய்கிற மாதிரி வைக்கலாம். தாளிப்பு வாடை போகட்டும் என்று அப்படியே சாய்த்து வைத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க. உள்ளே அஞ்சு, வெளியே பூஜ்ஜியம், நடுவில் நான் பனியனோடு.

இதைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. இந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயது 78. கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். டார்ட்மண்ட் ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு, பீர் மூன்றுக்கும் பேர்போன ஊர். கடைசிச் சுரங்கத்தை 1987-லேயே மூடிவிட்டார்கள். பாட்டியோடு எனக்கு அறிமுகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை ஓட்டிய ரெண்டாவது நிமிஷம். கதவு தட்டும் சத்தம். கையில் சுவர்க் காலண்டரோடு நின்றார். ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேல் விரலை வைத்துக் காட்டினார். இங்கே ஞாயிறு அமைதி நாள். கடை கிடையாது, டிரில் கிடையாது, என் சட்னியும் கிடையாது. அன்று சாயங்காலம் சமாதானத்துக்கு நாலு மெதுவடை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓட்டையைச் சுட்டிக்காட்டி, உளுந்தை மிச்சம் பிடிக்கத்தானா என்று கேட்டார். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தால் இப்படித்தான் இருப்பார் என்று அப்போதே தோன்றியது.

மார்ச் மாதம் படிக்கட்டில் மடக்கினார். “உன் ஜன்னல் நவம்பரிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறது. நீ வீட்டைச் சூடாக்குகிறாயா, டார்ட்மண்ட் நகரத்தையா?” என்றார். உள்ளே வந்து திருகைப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு பாடம் நடந்தது. திருகு மூன்றில். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்து அஞ்சு நிமிஷம், பிறகு மூடிவிட வேண்டும். இதற்கு ‘ஷ்டோஸ்லுஃப்டன்’ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். காற்று மாறும், சுவர் குளிராது, பூஞ்சை பிடிக்காது. 2024 நவம்பர், டிசம்பர் ரெண்டு மாதத்துக்கான ஹீட்டர் கணக்கு இந்தக் கோடையில் வந்தது, கூடுதலாக 186 யூரோ கட்டச் சொல்லி. ரெண்டு மாதத்துக்கு. இந்த ஜனவரி, பிப்ரவரியும் திருகு அஞ்சில்தான் இருந்தது. அந்தக் கணக்கு அடுத்த வருஷம் வரும். உங்கள் மகள் விசா கிடைத்து இங்கே வருகிற வாரத்தில்தான் அதுவும் வரும் என்று என் ஜாதகம் சொல்கிறது.

ஹீட்டர் கணக்கு வந்தது என்றேனே, அது வந்தது கடிதத்தில். கடிதம் இன்னொரு கதை. கார் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற நாடு, எல்லாவற்றையும் தபாலில்தான் சொல்கிறது. பேங்க் பின் நம்பர் தபாலில். வரி நம்பர் தபாலில். முகவரி பதிந்த கொஞ்ச நாளில் ரேடியோ டிவிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வந்தது. என்னிடம் ரேடியோ இல்லை, டிவியும் இல்லை. விளம்பரம் என்று டிராயரில் போட்டேன். இன்னொன்று வந்தது. அதையும் போட்டேன். மூன்றாவதைப் பார்த்துப் பாட்டிதான் பதறினார். இங்கே வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ, பெட்டி இருந்தாலும் கட்ட வேண்டும், இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். எட்டு மாத பாக்கி 146.88, தாமதத்துக்கு 8. முன்னது நியாயமான செலவு, அதை வீட்டுச் செலவில் எழுதினேன். அந்த எட்டு மட்டும் நம் வகைக்குப் போனது. கணக்கில் நான் பொய் எழுத மாட்டேன் மாமா.

மறுநாள் பாட்டி தடியான அட்டைக் கோப்பு ஒன்றும் ரெண்டு ஓட்டை போடுகிற மெஷின் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். வீடு, வேலை, வரி, காப்பீடு என்று நடுநடுவே கலர் அட்டை. வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் அன்றைக்கே பிரித்து, படித்து, ஓட்டை போட்டுக் கோக்க வேண்டும் என்று உத்தரவு. நீங்கள் பில் குத்துகிற கம்பி ஞாபகம் வந்தது. கம்பியில் கடைசி பில்தான் மேலே இருக்கும். இதில் எந்தப் பக்கத்தையும் புரட்டி எடுக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சின்னச் சின்னதாகவும் கொஞ்சம் உண்டு. தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில், டின் என்று பெரும்பாலானவற்றுக்கு விலைக்கு மேல் 25 சென்ட் டெபாசிட். காலி பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால் சீட்டு வரும், சீட்டைக் கொடுத்தால் காசு. நம் பெட்டிக்கடையில் கோலி சோடா பாட்டிலைத் திருப்பித் தராமல் நகர முடியாதே, அதே சங்கதி. அது தெரியாமல் எண்பது பாட்டிலைக் குப்பையில் போட்டிருக்கிறேன், 20 யூரோ. சந்தை நிலவரம் தெரிந்தவர்கள் காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்கி வாழ்கிறவர்கள் கையை உள்ளே விட வேண்டாம் என்று. ரயில் நிலையத்தில் ஒரு நாள் நல்ல கோட்டுப் போட்ட முதியவர் ஒருவர், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ரெண்டு டின்னைப் பைக்குள் வைத்தார். நான் டைம் டேபிளைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கோடையில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் நம் கோபுரம். வேட்டி சட்டையோடு ஜெர்மன் வெயிலில் வடம் பிடித்தபோது நம் ஊர்ப் பங்குனிப் பொங்கல் கண்ணில் வந்துவிட்டது. நாள் முழுக்க வீடியோ எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்பியதில், திரும்பி வரும்போது போன் செத்துவிட்டது. டிக்கெட் போனுக்குள் இருக்கிறது. மாதம் 58 யூரோவுக்கு நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ் எல்லாம் ஏறலாம், அந்த டிக்கெட். (ஜனவரியிலிருந்து 63 ஆகிறது.) பரிசோதகர் வந்தார். நெற்றியில் விபூதியோடு அணைந்த போனைக் காட்டினேன். 60 யூரோவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டியதும் 60-ஐ 7 ஆகக் குறைத்தார்கள். பவர் பேங்க் 15 யூரோ என்று போன மாதம்தான் வாங்காமல் விட்டிருந்தேன். ஏழும் நம் வகைக்கே.

வாஷிங் மெஷின் விஷயம் செலவு இல்லை, மானம் மட்டும் போனது. பழைய மெஷின் ஒன்றைப் போனில் விலை பேசினேன். ஜெர்மனில் 85-ஐ ‘அஞ்சும் எண்பதும்’ என்றுதான் சொல்வார்கள். அஞ்சு என்று காதில் விழுந்ததும் 58 என்று எழுதிக்கொண்டு, சில்லறை மாறாமல் எண்ணி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மிச்சத்தை, மெஷினை விற்ற அம்மாளின் வீட்டு வாசலில் நின்று போனில் அனுப்பினேன்.

நல்லதும் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொன்னதும் பாட்டிதான். அரசாங்கத்தின் அந்த இணையதளத்துக்குப் பெயர் எல்ஸ்டர். அது ஒரு பறவையின் பெயரும்கூட. கறுப்பு வெள்ளைப் பறவை, நம் ஊர் வால்காக்கைக்கு உறவு. பளபளப்பாக எதைப் பார்த்தாலும் திருடிக்கொண்டு போகும் என்று இங்கே அதற்குப் பெயர். வரித்துறைத் தளத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர்களின் நேர்மையை நான் பாராட்டுகிறேன். 2024-ல் நான் வேலை பார்த்தது மூன்றே மாதம். ஆனால் வரியில்லாத வரம்பு, 11,784 யூரோ, முழு வருஷத்துக்கும் உண்டு. ஆக, பிடித்ததில் பெரும்பகுதி எனக்கே திரும்ப வர வேண்டிய பணம். வேலைக்காக நாடு மாறி வந்த விமான டிக்கெட்டையும் செலவில் காட்டலாம். அந்த ரசீதை நான் தூக்கி எறிந்திருந்தேன். உங்கள் மகள் ஈமெயிலில் தேடி எடுத்து அனுப்பினாள். 1,140 யூரோ திரும்ப வந்தது. ஆகஸ்டில் உங்களுக்கு அனுப்பினேனே ஆயிரம், அது எல்ஸ்டர் கக்கியதுதான்.

உங்கள் மகள் என்றதும் தங்கக் கணக்கையும் மறைக்க முடியாது. ஜனவரி ஆரம்பத்தில், பவுன் 60,000-ஐத் தொடாமல் இருந்தபோது, “ஒரு ரெண்டு பவுன் வாங்கிப் போட்டிரலாமா?” என்று கேட்டாள். நான் இங்கிருந்து உலகப் பொருளாதாரம் பேசினேன். ஏறியது இறங்கும் என்றேன். அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினம் காலையில் குட்மார்னிங் படத்துக்குப் பதிலாக அன்றைய பவுன் விலையை மட்டும் அனுப்புகிறாள். இதைக் கணக்கில் எழுதவில்லை. வாங்காததற்கு வகை கிடையாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது நமக்குள் உள்ள கணக்கு. பிப்ரவரியில் அனுப்பிய ஆயிரம் யூரோ உங்களுக்கு 90,000 ரூபாயாக வந்தது. ஆகஸ்டு ஆயிரம் 1,01,000. ஆபீஸில் இருக்கிற நம் ஆட்கள் என்னைத் திட்டினார்கள். யூரோ ஏறுகிறது, பொறுத்து அனுப்பியிருந்தால் பிப்ரவரிப் பணமே இன்றைக்கு 1,05,000 ஆகியிருக்குமே என்று. எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை. ஜெர்மனில் ‘ஷுல்ட்’ என்றால் குற்றம், தப்பு. அதையே பன்மையில் ‘ஷுல்டன்’ என்றால் கடன். ஜெர்மன் வகுப்பில் இதைக் கேட்டபோது வாத்தியாரம்மாவிடம், எங்கள் மொழியில் கடன் என்றால் கடமை என்றும் பொருள் என்றேன். “அப்படியானால் உங்கள் ஊரில் கடன் வாங்கினவன் நிமிர்ந்து நடக்கலாமே” என்றார். நீங்கள் மூன்று லட்சத்தைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தபோது சீட்டும் எழுதவில்லை, வட்டியும் பேசவில்லை, இன்று வரை ஒரு தடவை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் யூரோ ஏறுகிற வரைக்கும் பொறுத்திருப்பேனோ என்னவோ.

பாக்கி 1,09,000. ஜனவரியில் இன்னொரு ஆயிரம் அனுப்புகிறேன். நாலாயிரம் சொச்சம் நிற்கும். அதைக் கொசுறு என்று தள்ளிவிடுவீர்கள் என்று தெரியும், தள்ள வேண்டாம்.

‘மிச்சம் பிடித்த வகையில் செலவு’ பக்கத்தைக் கூட்டினேன். சமையலறை 550, அந்த மூன்று வாரச் சாப்பாடு 210, ஹீட்டர் 186, பாட்டில் 20, தாமதம் 8, ரயில் 7. ஆக 981 யூரோ. இன்றைய விலைக்கு ஒரு லட்சத்து மூவாயிரம். கிட்டத்தட்ட உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. இதைப் பார்த்துவிட்டு ராத்திரி கொஞ்ச நேரம் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அஞ்சு நிமிஷம்தான். ஹீட்டரை அணைத்துவிட்டு.

கணக்கு நோட்டோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பாட்டி பார்த்தார். மேலே என்ன சுழி என்று கேட்டார். பிள்ளையார் என்றேன். உடனே கீழே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கல்யாணமான வருஷத்திலிருந்து தினம் சாயங்காலம் எழுதுகிறாராம். ரொட்டி, பால், மார்கரின் என்று பென்சிலில், கோடு கோணாமல். ‘ஹவுஸ்ஹால்ட்ஸ்பூஹ்’ என்று பெயர். உங்கள் சிட்டாவேதான். அதில் 2002-ல் மட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் சின்னதாக இன்னொரு தொகை. அந்த வருஷம்தான் யூரோ நோட்டு கைக்கு வந்ததாம். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். சுமாராக ரெண்டு. அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக எந்த விலையைப் பார்த்தாலும் ரெண்டால் பெருக்கிப் பார்க்கிறார். இப்போது எழுதுவதில்லை, மனசுக்குள்ளேயே.

போன சனிக்கிழமை ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். காலிஃபிளவர் 2 யூரோ 99 சென்ட். பாட்டி எடுத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. ஆறு மார்க். என் உதடும் அசைந்தது. முந்நூற்றுப் பதினைந்து ரூபாய். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முட்டைக்கோஸ் பக்கம் போனோம்.

அவருக்கு சிவகாசி தினசரிக் காலண்டர் ஒன்று வேண்டுமாம். என் சுவரில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். தினம் ஒரு தாள் கிழித்தால் அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதலாமே என்று யோசனை. ராகு காலம் பார்த்துத்தான் கடைக்குப் போவார் என்று நினைக்கிறேன். அத்தையிடம் சொல்லி நல்ல கனமான முருகன் படமாகப் பார்த்து ஒன்று அனுப்பி வையுங்கள். கூரியர் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். தொகையை ரூபாயிலேயே எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை